கல்யாணப் பட்டு கவுன் தைக்கிறீர்களா? லைனிங்கை முதலில் வாங்குங்கள்

என் ரிசப்ஷன் கவுனை நானே தைத்தேன். மேல்துணி நல்ல ஐவரி ராசில்க், பார்த்தவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே போட்டது மலிவான பாலியெஸ்டர் லைனிங். டிசம்பர் மாதம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஹால், நானூறு பேர், மூடிய கதவுகள். கேக் வெட்டுவதற்குள் பாவாடை இரண்டு காலையும் சுற்றி ஒட்டிக்கொண்டது, முதுகில் வியர்வை ஓடியது, இன்றும் அந்தப் போட்டோக்களில் நான் சிரிப்பது மாதிரியே இருக்காது. அதனால் அக்கா மகள் இந்த வருடம் தன் கவுனைத் தானே தைக்கிறேன் என்று வந்து நின்றபோது, "முத்து, கல் எல்லாம் அப்புறம், லைனிங்குக்கு என்ன யோசித்தாய் கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

டர்பனில் நம் கல்யாணங்கள் எப்போது வருகின்றன என்று பாருங்கள். புரட்டாசி முழுக்க விரதம், யாரும் தேதி வைப்பதில்லை, அது முடிந்ததும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வரிசையாக வரும். சரியாக அப்போதுதான் இங்கே புழுக்கம் தொடங்கும். இணையத்தில் கிடைக்கும் கவுன் பேட்டர்ன்கள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியவை, அவர்கள் சொல்கிற கனமான சாட்டின் லைனிங்கை இங்கே போட்டால் என் கதைதான்.

சரி, எதை எடுப்பது? நான் கவுனின் மேல்பாகத்தையும் பாவாடையையும் தனித்தனியாகப் பார்ப்பேன். மேல்பாகம் உடம்போடு இறுக்கமாக ஒட்டி இருக்கும், வியர்வையை அதுதான் வாங்கும், அதனால் அங்கே மெல்லிய பருத்தி, அதாவது பேட்டிஸ்ட் அல்லது வாயில் (voile) துணி. பருத்தி சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பட்டு வியர்வையில் நாளாக ஆக நைந்துபோகும், ஆகவே அக்குளில் பட்டு லைனிங் வேண்டாம், முடிந்தால் கழற்றி மாற்றுகிற மாதிரி பருத்தியில் ஒரு பிறைவடிவப் பட்டை வைத்துத் தையுங்கள். பாவாடைக்குக் கப்ரோ நல்லது, பெம்பெர்க் என்ற பெயரில் விற்பார்கள். பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்வது, வழுவழுப்பாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சும், காலைச் சுற்றாது. பணம் இருந்தால் ஹபோட்டாய் என்கிற மெல்லிய பட்டு. பட்டின் கனத்தை மொம்மே கணக்கில் சொல்வார்கள், 1 மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 4.34 கிராம். லைனிங்குக்கு 8 மொம்மே போதும். 5 என்று கொடுத்தால் வாங்காதீர்கள், உட்கார்ந்து எழுந்தாலே தையல் விலகும்.

கிரே ஸ்ட்ரீட் பக்கம் கடை ஏறி இறங்கும்போது (பெயர்ப்பலகை டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று மாறிப் பல வருடமாகிறது, நமக்கு அது கிரே ஸ்ட்ரீட்தான்) "பியூர் சில்க் லைனிங்" என்று சொன்னால் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் ஸிங்க் மேல் பிடித்து நாலு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பட்டானால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். காகிதம் எரிகிற வாசனை வந்தால் விஸ்கோஸாகவோ (ரேயான்) கப்ரோவாகவோ இருக்கலாம், அதுவும் லைனிங்குக்கு மோசமில்லை.

பலர் குழப்பிக்கொள்கிற விஷயம் அண்டர்லைனிங். லைனிங் என்பது உள்ளே தனியாகத் தொங்குகிற இன்னொரு கவுன். அண்டர்லைனிங் அப்படியில்லை. ஒவ்வொரு பட்டுத் துண்டின் பின்னாலும் அதே அளவில் இன்னொரு துணியை வெட்டி வைத்து, ஓரம் சுற்றிக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைப்பது. வேலை இரட்டிப்பாகும், ஆமாம். ஆனால் இறுக்கமான மேல்பாகத்தில் பட்டு தையலோரம் பிளந்து நூல் விலகாமல் இருப்பதும், கீழ்மடிப்புத் தையல் வெளியே புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருப்பதும், பாசி கோர்த்த நூலின் முடிச்சுக்குப் பிடிமானம் கிடைப்பதும் இதனால்தான். விறைப்பாக நிற்க வேண்டுமானால் பட்டு ஆர்கன்சா, மிருதுவாக விழ வேண்டுமானால் பருத்தி வாயில். கிரேப், சாட்டின் மாதிரி வழிந்து விழுகிற பட்டுக்கு ஆர்கன்சா வைத்தால் அதன் அழகே போய்விடும். வெட்டுவதற்கு முன் பட்டையும் உள்துணியையும் சேர்த்து விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், அந்த விழுகை பிடித்திருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

நிறம் பற்றி ஒன்றுதான். மெல்லிய ஐவரி பட்டுக்கு அடியில் பளீர் வெள்ளையை விடத் தோல் நிறத்தை ஒட்டிய லைனிங் கண்ணுக்குத் தெரியாது. அடர் சிவப்பு, மெரூன் லைனிங் என்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் தைக்கவே கூடாது.

இனி அலங்காரம். இங்கே கண் முந்திக்கொள்ளும், கையைக் கட்டிப்போட வேண்டும். நான் சொல்கிற வழி ரொம்பச் சாதாரணம்: பட்டையும் அண்டர்லைனிங்கையும் சேர்த்து 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள், நினைத்த டிசைனை அதில் தைத்துவிட்டுத் திரும்ப எடை போடுங்கள். 6 கிராம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். மேல்பாகத்தின் முன்பக்கம் அப்படி 20 சதுரம் என்றால் 120 கிராம், தாங்கும். அதே டிசைனைப் பாவாடை முழுக்க, 3 சதுர மீட்டருக்கு இழுத்தால் 1.8 கிலோ. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு இரவு பதினோரு மணிவரை நிற்கப் போவது நீங்கள். அக்கா மகள் இந்தக் கணக்கைப் போட்டதும் பாவாடைக் கற்களைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படியும் கனம் வருகிறது என்றால் உள்ளே இடுப்பைச் சுற்றி பீட்டர்ஷாம் என்கிற கெட்டியான ரிப்பன் பட்டை ஒன்றைத் தைத்துக் கொக்கி வையுங்கள், பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

எங்கே வைக்கக் கூடாது என்பது எங்கே வைப்பது என்பதை விட முக்கியம். அக்குளிலும் கையின் உள்பக்கத்திலும் பாசி வைத்தால் தோலை அறுக்கும். உட்காரும் இடத்தில் வைத்தால் உடையும். அப்புறம் நம் கல்யாணங்களுக்கே உரிய சங்கதி, மாலை. ரிசப்ஷனிலும் யாராவது பெரியப்பா மாலையோடு வருவார் என்பது நிச்சயம். கழுத்திலிருந்து மார்பு வழியாக மாலை விழுகிற அந்தக் கோட்டில் ஊசிமுனைக் கற்களோ தொங்கும் மணிகளோ இருந்தால் நாரும் பூவும் சிக்கிக்கொள்ளும், ஈர மாலையானால் பட்டில் நீர்க்கறை படியும். அங்கே தட்டையான நூல்வேலை போதும். கட்டிப்பிடிக்க வருகிற மாமிகளின் ஜரிகையையும் கணக்கில் எடுங்கள். நானே ஒரு மாமியோடு கொக்கி போட்டது மாதிரி ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன்.

ஆயாவின் பழைய காஞ்சிபுரம் சேலைக் கரையை வெட்டி வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்குக் கல்லையும் சம்கியையும் விட இதுதான் பிடிக்கும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் சேலையை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்திருந்தால் மடிப்புக்கோட்டில் பட்டு கிழிந்திருக்கும், அந்த இடங்களை ஒதுக்கிவிடுங்கள். வெட்டிய கரைக்குப் பின்னால் ஆர்கன்சா வைத்துக் கையால் தையுங்கள். கரை நேராக நெய்தது, வளையாது. கீழே விரிந்து வருகிற ஏ-லைன் பாவாடையின் கீழ்விளிம்போ வளைவு. அப்படியே வைத்தால் மேல்பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும், அங்கங்கே டிசைன் இடைவெளியில் சின்னச் சின்ன டார்ட் (கூர்மடிப்பு) பிடித்துத்தான் வளைக்க முடியும். இல்லையென்றால் பாவாடையை நேர்துணியில் கொசுவம் வைத்துத் தைத்துவிடுங்கள், கரை தானாக உட்காரும். ஜரிகையைப் பின்பக்கமாகத்தான் இஸ்திரி போட வேண்டும், மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, தண்ணீர் தெளிக்காமல்.

ஆரி வேலை செய்வதானால் துணியை வெட்டிவிட்டுச் சட்டத்தில் கட்டாதீர்கள். வேலை ஏற ஏறத் துணி உள்வாங்கும், அளவு குறைந்துவிடும். துண்டின் உருவத்தை நூலால் குறித்து, வேலையை முடித்து, பேட்டர்னை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். தையல் கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள், மெஷின் ஊசி பாசியில் பட்டால் ஊசியும் உடையும் பாசியும் உடையும். மூட்டிய பிறகு அந்த இடைவெளியைக் கையால் நிரப்பிக்கொள்ளலாம். பட்டுக்கு 70 அல்லது 60 நம்பர் புது ஊசி போடுங்கள். பாசி தைக்கும்போது நாலைந்து பாசிக்கு ஒரு முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று அறுந்தால் மொத்தமும் டான்ஸ் ஃப்ளோரில் உருளும். சூடுபடுத்தி ஒட்டுகிற கற்கள் பட்டுக்கு வேண்டவே வேண்டாம், பசை மறுபக்கம் ஊறிக் கறையாக நிற்கும். பிளாஸ்டிக் முத்தும் சம்கியும் இஸ்திரிச் சூட்டில் சுருண்டுவிடும், டிரைகிளீன் திரவத்தில் முத்தின் பூச்சு உரியும், ஆகவே வாங்கும்போதே இரண்டு முத்தைத் துணியில் தைத்து உங்கள் டிரைகிளீனரிடம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

கடைசியில் லைனிங்கின் கீழ்விளிம்பை மேல்துணியை விட 2 அல்லது 3 சென்டிமீட்டர் குட்டையாக மடியுங்கள். குறுக்கு வெட்டாக வெட்டியிருந்தால் ஒரு நாள் முழுக்க ஹாங்கரில் தொங்கவிட்ட பிறகே மடியுங்கள், அது இறங்கும். மடித்து முடித்ததும், மீந்த லைனிங்கில் தீப்பெட்டி அளவு ஒரு பை தைத்து, இருபது பாசி, கொஞ்சம் நூல், ஒரு ஊசி போட்டு இடுப்புப் பட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். ஊசியை மட்டும் கார்க்கில் குத்தி வையுங்கள்.