“நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?”

மனம் ஒரு சமயம் அளவுமீறிய எழுச்சிக்கும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் பைபோலார் எனப்படும் இருமுனை மனநோய் உள்ள வீட்டில் சில மாதம் அமைதியாகப் போனால் இந்தக் கேள்வி வந்துவிடும். அந்த அமைதியைக் காப்பதில் மாத்திரைக்குப் பெரும்பங்கு உண்டு. இந்நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை அபாயமும் கூடும். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டர் சொல்படி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தத் தவறு பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டி நடக்கிறது. “கால்கட்டு போட்டா சரியாயிடும்” என்று நோயை மறைத்து முடித்துவைக்கிறார்கள். கல்யாண அலைச்சலில் இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் போகும். புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று மாத்திரையும் நிற்கும். தூக்கம் கெடுவதே மனஎழுச்சியைத் தூண்டிவிடும். ஒரு பெண்ணை இந்த நிலையில் தனியே அனுப்புவது கொடுமை என்றே நினைக்கிறேன். அவர் இந்நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான வால்புரோவேட் சாப்பிடுபவராக இருந்தால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். அது கருவைப் பாதிக்கும்.

1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுமென்று காட்டிய லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. ஆனால் அளவு பிசகக்கூடாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவாகச் சரி, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும்.

பிரஷர் என்று உப்பைத் திடீரெனக் குறைப்பது, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், வயிற்றுப்போக்கு, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இவை எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, பலர் சோர்ந்து கிடக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறார்கள். முன்பு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, கடன் வாங்கி வாரி இறைத்த நாட்களை யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் எழுச்சி கிளம்பக்கூடும். அதனால் கூடப் போகும் வீட்டார் அந்தப் பழைய நாட்களைச் சொல்லுங்கள். எங்கே போவதென்றே தெரியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.