7.100-க்கு மேலே வாய் திறக்காத ஜப்பான் ரிக்கைப் பேசவைப்பது

போன வருடம் ஒரு பழைய ஜப்பான் ரிக், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்களின் ரேடியோ செட், கைக்கு வந்தது. ஆன்டெனாவை மாட்டி 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகா ஹெர்ட்ஸ் பக்கம்) போனால் அருமையாகக் கேட்கிறது. 7.130 பக்கம் மதுரைக்காரர் ஒருவரும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் ஆன்டெனா உயரம் பற்றி வம்பளந்துகொண்டிருக்கிறார்கள், எனக்கும் அதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்துகிறேன், பவர் மீட்டர் முள் படுத்தே கிடக்கிறது. 7.090-க்கு இறங்கி அழுத்தினால் 100 வாட் ஜம்மென்று போகிறது. ரிக்கில் ஒரு கோளாறும் இல்லை. அது விற்கப்பட்ட ஊரின் பழைய விதிப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

கதை இதுதான். நம் பக்கத்து நாடுகளிலும் ஐரோப்பாவிலும் ரொம்ப காலம் 40 மீட்டர் என்றால் 7.000 முதல் 7.100 வரைக்கும்தான், அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் உட்கார்ந்திருந்தன. 2003-இல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் 7.100 முதல் 7.200 வரை ஹாம்களுக்கு விடுவதென்று முடிவாகி, ஒலிபரப்பாளர்கள் காலி செய்ய 2009 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள். ஜப்பானும் அந்த வருடம்தான் திறந்தது. அதனால் அதற்கு முன்பு ஜப்பான் உள்ளூர் சந்தைக்குப் போட்ட ரிக்குகள் பலவும் 7.100-இல் வாயை மூடிக்கொள்ளும். இந்தியாவில் நமக்கு இப்போது 7.200 வரை இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த ரிக் 7.300 வரை போகும், அதற்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். 7.200-இல் நிறுத்திக்கொள்ளும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

தொடங்கும் முன் உங்கள் லைசென்ஸோடு வரும் அலைவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ரிக் கட்டவும் இருப்பதை மாற்றவும் ஹாமுக்கு இடம் உண்டு, ஆனால் காற்றில் விடுவது அந்தப் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். இதை இங்கேயே சொல்லிவிடக் காரணம், இந்த மாற்றத்தைச் செய்தால் பெரும்பாலான ரிக்குகள் 7.200-இல் நிற்காது, 1.8-இலிருந்து 30 வரை மொத்தமாகத் திறந்துகொள்ளும். மதகைப் பாதி மட்டும் தூக்க வழியில்லை. இன்னும் லைசென்ஸ் வாங்காதவர்கள் முதலில் பரீட்சை எழுதுங்கள், அதுவரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சரி, தான் எந்த ஊர் ரிக் என்பது ரிக்குக்கு எப்படித் தெரிகிறது? 80-களில் வந்தவற்றில் கண்ட்ரோல் போர்டில் சின்னக் கண்ணாடி டயோடுகள் வரிசையாக நிற்கும். ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் பிராசஸர் அந்த வரிசையைப் படிக்கும், எந்த இடத்தில் டயோடு இருக்கிறது, எது காலி என்பதை வைத்து இது ஜப்பானா, அமெரிக்காவா, ஐரோப்பாவா என்று முடிவு செய்யும். அப்புறம் வந்தவற்றில் அதே வேலையை எள்ளளவு சிப் ரெசிஸ்டர்கள் செய்கின்றன, மேலே 0 அல்லது 000 என்று எழுதியிருக்கும், அதாவது பூஜ்ஜிய ஓம், வெறும் பாலம். சிலவற்றில் அதுவும் இல்லாமல் இரண்டு செம்புத் திட்டுகளின் நடுவே ஒரு சொட்டு ஈயம். இன்னும் புதியவற்றில் எல்லாமே மென்பொருள், கேபிள் போட்டுக் கணினியில் மாற்ற வேண்டியது. நான் சொல்லப்போவது முதல் இரண்டு வகைக்கு.

எந்த டயோடு என்று நான் எண் சொல்லமாட்டேன். ஒரே மாடல் பெயர், வேறு வேறு சந்தை, வேறு வேறு போர்டு. இணையத்தில் நாலு பேர் நாலு எண் எழுதியிருப்பார்கள், நாலும் அவரவர் ரிக்குக்குச் சரியாகவே இருக்கலாம். உங்கள் ரிக்கின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பிறகு வரும் எழுத்து வரை குறித்துக்கொண்டு, அதற்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். அதில் சந்தைவாரியாக எந்தப் பாகம் இருக்கும், எது இருக்காது என்று ஒரு அட்டவணை வரும். ஜப்பான் பதிப்பையும் அமெரிக்கப் பதிப்பையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்த்தால் விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மேனுவலைக் கையில் வைத்திருக்கும்போதே இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். உள்ளேயே பவர் சப்ளை இருக்கும் ஜப்பான் உள்ளூர் ரிக் 100 வோல்ட்டுக்கானது, நம் வீட்டு 230-இல் செருகினால் புகைதான். இன்னொன்று, அந்த ஊரின் கீழ்நிலை லைசென்ஸுக்காக 10 வாட்டோடு கட்டிய பதிப்புகளும் உண்டு, அதை டயோடு வெட்டி 100 வாட் ஆக்க முடியாது.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மெமரிக்காக உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். பெரும்பாலான ரிக்குகளில் அது செத்தால் மெமரி மட்டும்தான் போகும். ஆனால் ஐகாம் ஐசி-751 மாதிரி சில பழைய செட்டுகளில் ரிக்கை இயக்கும் புரோகிராமே பேட்டரி தாங்கும் ராமில்தான் இருக்கிறது, அதைக் கழற்றினால் ரிக் மொத்தமாக ஊமை. அந்த வகை என்றால் பேட்டரிப் பக்கமே கை போகக்கூடாது.

இனி திறப்பது. மெமரியில் இருப்பதையும் மெனுவில் மாற்றி வைத்திருப்பதையும் போனில் படம் எடுத்து வையுங்கள், கடைசியில் எல்லாம் அழியப்போகிறது. கரண்டைப் பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கெபாசிட்டர்கள் இறங்கட்டும். ஜப்பான் ஸ்குரூவின் தலை நம் ஊர் நட்சத்திரத் திருப்புளிக்கு முழுசாகப் பொருந்தாது, பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் முனை ஆழமாக உட்காரும் அளவைத் தேர்ந்து, மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். மூடியை ஒரே இழுப்பில் தூக்காதீர்கள், ஸ்பீக்கர் வயர் அதில்தான் தொங்கும்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில். சுற்றிலும் வயல். ஐப்பசி கார்த்திகையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மூடியைத் திறந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது டயோடு இல்லை, கடைசியாகப் பவரைத் தூக்கிவிடும் ஃபைனல் டிரான்சிஸ்டர் பக்கத்தில் வரிசையாகக் குடித்தனம் நடத்திய எறும்புகள். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு மணி நேரம் காய விட்டேன். உங்கள் ரிக் வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருந்தது என்றால் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், அதைச் சுத்தம் செய்யாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. போர்டுக்குப் போகும் பட்டை கேபிளை இழுக்கும் முன் அதன் சாக்கெட்டில் ஒரு மெல்லிய பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, நகத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குங்கள். வயதான பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

டயோடைக் கண்டுபிடித்தாயிற்றா? இன்னொரு தடவை பாருங்கள். போர்டில் அச்சடித்த எண் சில சமயம் பாகத்துக்கு மேலே இருக்கும், சில சமயம் பக்கத்தில், நெருக்கமான வரிசையில் எது எதனுடையது என்று தெரியாது. நான் அங்கேதான் கோட்டைவிட்டேன். லென்ஸ் இல்லாமல் குத்துமதிப்பாகப் பக்கத்து டயோடை வெட்டிவிட்டு ஆன் செய்தால் 7.130-இல் பழைய மௌனம், கூடவே டியூனிங் படியும் தாறுமாறாகக் குதித்தது. நல்லவேளை, அடியோடு பிடுங்காமல் ஒரு காலை மட்டும் நடுவில் வெட்டி மேலே மடக்கியிருந்தேன், அதனால் திரும்ப ஒட்ட முடிந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஒரு கால் போதும், மின்சாரத்துக்கு அது இல்லாத மாதிரிதான். வெட்டிய முனை எதிலும் படாமல் ஒரு சின்னக் குழாய் போட்டு வையுங்கள்.

சிப் ரெசிஸ்டர் என்றால் வேறு வித்தை. ஒரு முனையைச் சூடாக்கி நெம்பினால் போர்டிலிருக்கும் செம்புத் திட்டும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு முனையிலும் கொஞ்சம் புது ஈயம் வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்னின் மெல்லிய முனையை மாறி மாறி இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டே இருங்கள், இரண்டும் உருகியிருக்கும் நொடியில் அது தானாக வழுக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். எடுத்த சிப்பைத் தொலைக்காமல் செல்லோ டேப்பில் ஒட்டி மூடியின் உள்பக்கம் வைத்து, எந்த எண், எந்தத் தேதி என்று பக்கத்தில் எழுதுங்கள். நாளைக்கு வேறொருவர் கைக்கு இந்த ரிக் போகும்போது அவர் உங்களைத் திட்டமாட்டார்.

மூடும் முன் ரீசெட். பிராசஸர் டயோடு வரிசையை எப்போதும் படிப்பதில்லை, பல ரிக்குகளில் முழு ரீசெட்டின்போது மட்டும்தான். ஏதோ இரண்டு பட்டன்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்ய வேண்டும், எந்த இரண்டு என்பது உங்கள் மேனுவலில் இருக்கும். இதைச் செய்யாமல் "வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இன்னொரு டயோடையும் வெட்டப் போகிறவர்கள் நிறைய.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை. ஆன்டெனாவில் மாட்டி "ஹலோ" சொல்லிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் டம்மி லோட் இல்லாவிட்டால் செய்துகொள்ளுங்கள். 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் 20 வாங்கிப் பேரலலாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட். வயர் சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், அது காயிலாகவும் நடந்துகொள்ளும். பவரை 20 வாட்டுக்குக் குறைத்து, கேரியரை (பேச்சில்லாத வெறும் அலையை) 5 விநாடி மட்டும் விட்டு, 7.010, 7.050, 7.100, 7.150, 7.190 என்று ஒவ்வொன்றிலும் பவரையும் இழுக்கும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பவர் சரிந்து ஆம்பியர் ஏறினால் நிறுத்திவிடுங்கள், எங்கோ பொருந்தவில்லை. பக்கத்து அறையில் இன்னொரு ரிசீவர் இருந்தால் 7.150-இல் விடும்போது 14.300-ஐயும் 21.450-ஐயும் கேளுங்கள், அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்குமான இவற்றைத்தான் ஹார்மானிக் என்பார்கள். இவ்வளவு அருகில் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும், ஆனால் மாற்றாத பகுதியான 7.050-இல் விட்டு 14.100-இல் கேட்டதைவிட அதிகமாக இருக்கக்கூடாது.

இப்படிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபைனலுக்குப் பிறகு ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் இருக்கிறது, 40 மீட்டருக்கானது 7.3 தாண்டிக் கொஞ்ச தூரத்திலிருந்து மேலே இருப்பதை நசுக்கும். 7.150-இன் இரண்டாவது ஹார்மானிக் 14.300, அது நசுங்கிவிடும், ஆகவே நாம் செய்யும் இந்த விரிவு ஃபில்டருக்குள் வசதியாக உட்காருகிறது. ஆனால் எல்லாம்தான் திறந்திருக்கிறதே என்று 4.5-இல் யாராவது அழுத்தினால் பல ரிக்குகளில் அதற்கும் இதே ஃபில்டர்தான், ஹார்மானிக் வருவது 9-இல், அது ஃபில்டரின் வாசலிலேயே நிற்பதால் முழுசாக அடங்காது. பவர் மீட்டர் அதையும் சேர்த்து 100 வாட் என்று காட்டும். திறந்திருக்கிறது என்பதும் சுத்தமாகப் போகிறது என்பதும் வேறு வேறு.

திறந்துகொடுக்கலாமா என்ற கேள்வி வேறு உருவத்திலும் வரும். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி, ஹேண்டியை, அதாவது கையடக்க ஹாம் செட்டை, திறந்து கொடுத்தால் மாமாவின் படகோடு பேசலாமே அண்ணே என்றான். படகுகள் பேசுவது 156 மெகா ஹெர்ட்ஸ் பக்கம், 156.800 ஆபத்து அழைப்புக்கான சேனல் 16. நம் 2 மீட்டர் 144 முதல் 146 வரை. அந்த ஹேண்டியின் ஃபில்டர் அங்கே டியூன் ஆனதில்லை, ஆபத்தில் இருப்பவன் கூப்பிடும் இடத்தில் நம் கரகரப்பு போய் விழும். மாமாவுக்கு மரைன் செட் வாங்கிக் கொடுப்பா என்று அனுப்பிவைத்தேன். கோபம்தான்.

சரி, கடைசியாக ஆன்டெனா. என்னுடையது இரண்டு தென்னைக்கு நடுவே 7 மீட்டர் உயரத்தில் ஒரு டைபோல், நடுவில் இணைப்பு கொடுத்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி. இவ்வளவு தாழ்வாக இருப்பதால் அலை பெரும்பாலும் நேராக மேலே போய் இறங்கும், பகலில் தமிழ்நாடு முழுக்கப் பேச இதுவே வசதி. பழைய கணக்குப்படி 7.050-க்கு வெட்டியிருந்தேன், 142.5-ஐ அலைவரிசையால் வகுத்தால் மொத்தம் 20.21 மீட்டர். பேண்டின் நடு இப்போது 7.100, அதற்கு 20.07. ஆக ஒரு பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர், கைவிரல் நீளம்தான். வெட்டாமல் முதலில் முனையை மடித்துக் கட்டிப் பாருங்கள், ஏனென்றால் சம்பாவுக்கு வயலில் தண்ணீர் நிற்கும்போதும் கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போதும் எனக்கு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் கச்சிதம்) ஒரே மாதிரி இருப்பதில்லை. 7.000-இலும் 7.200-இலும் 2-க்குள் நின்றால் போதும், அதற்கு மேல் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மேல் எல்லைக்கு ஒரு சின்ன ஏற்பாடும் செய்தேன். 40 மீட்டரில் பேசுவது எல்எஸ்பி (கீழ்ப்பக்க அலை மட்டும் போகும் முறை) என்பதால் பேச்சு டயல் காட்டும் எண்ணுக்குக் கீழேதான் விழும், மேலே 7.199 வரை போகலாம், கீழ்ப்பக்கம்தான் 7.003-க்குக் கீழே இறங்காமல் கவனிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் வெள்ளை டேப்பில் எழுதி டயலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை வியர்வையில் உரிந்துவிடும், திரும்ப ஒட்டுகிறேன்.