ஆண்களின் பழைய சூட்டிலிருந்து 1940-களின் பாவாடையும் ஜாக்கெட்டும்

பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று துணிக்கும் ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன். ஆண்களின் மூன்று உருப்படி சூட் ஒன்றுக்கே 26 போய்விடும். போருக்குப் போனவரின் சூட் அலமாரியில் தொங்கும்போது, வீட்டுப் பெண்கள் அதைப் பிரித்துத் தங்களுக்குத் தைத்துக்கொண்டார்கள். அந்த வழியில்தான் நாமும் செய்யப்போகிறோம். தையல் பழகுபவர்கள் முதலில் பாவாடையைத் தையுங்கள்.

சூட் வாங்கும்போது பேண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் பிளீட் வைத்த, கால் அகலமான கம்பளிப் பேண்ட்தான் வேண்டும். கால் மடிப்பிலிருந்து 8 இன்ச் மேலே ஒரு காலின் சுற்றளவை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் சீட் அளவைவிட (இடுப்புக்குக் கீழே உடல் மிக அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு) 2 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் அந்தப் பேண்ட் உதவாது.

ஏன் அந்த இடத்தில் அளக்கிறோம்? பேண்ட்டைத் தலைகீழாக்கப் போகிறோம். கால் மடிப்பு இருந்த பக்கம் பாவாடையின் இடுப்பு. தொடைப் பக்கம் பாவாடையின் அடி. அதனால் பாவாடை தானாகவே கீழே விரிந்து வரும். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பின்பகுதியும் வெட்டில் கழிந்துவிடும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

1. கால் மடிப்பைப் பிரித்து, இரண்டு கால்களையும் தொடை பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள்.

2. உள்தொடைத் தையலை மட்டும் பிரியுங்கள். வெளிப்பக்கத் தையலைத் தொடாதீர்கள். அதுதான் பாவாடையின் பக்கத் தையல்.

3. ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். காலின் நடுவே நெடுக ஓடும் பழைய மடிப்புக் கோடு போகாவிட்டால், தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து அந்தத் துணியை நனையுங்கள். முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

4. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, முன்துண்டை முன்துண்டோடும் பின்துண்டைப் பின்துண்டோடும் சேர்த்துத் தையுங்கள். நடுவில் இரண்டே தையல்தான்.

5. இடுப்பில் மிஞ்சும் துணியை நான்கு டக்குகளில் (மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே கூராக முடியும் மடிப்புத் தையல்) பிடியுங்கள். டக் சரியாகப் பழைய மடிப்புக் கோடு இருந்த இடத்திலேயே வரட்டும். நீளம் 5 இன்ச் போதும். இன்னும் தளர்வாக இருந்தால் நடுத் தையல்களை இடுப்புப் பக்கம் சற்று உள்ளே தள்ளித் தையுங்கள்.

6. இடது பக்கத் தையலின் மேல் 7 இன்ச்சைப் பிரித்து ஜிப் வையுங்கள். அந்தக் காலப் பாவாடைகளிலும் திறப்பு பக்கத்தில்தான். வெட்டிய மேல்பகுதியிலிருந்து இடுப்புப் பட்டி எடுக்கலாம். பட்டியில் ஒரு கொக்கி வைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி அடியை மடித்துக் கையால் தைத்துவிடுங்கள்.

அப்புறம் ஜாக்கெட், அதாவது சூட்டின் கோட். இங்கே ஒரே விதி: தோளைத் தொடாதீர்கள். 1940-களின் பெண்கள் ஜாக்கெட்டுக்குத் தூக்கிய தோள்தான் அழகு, பேட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. லைனிங்கை அடியில் பிரித்து, பக்கத் தையல்களிலும் நடு முதுகிலும் இடுப்பு மட்டத்தில் மட்டும் பிடியுங்கள். முதலில் நூலோட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினில் தையுங்கள். பிடிப்பது ஒவ்வொரு தையலிலும் அரை இன்ச்சைத் தாண்டினால் பாக்கெட் பின்பக்கம் இழுத்துக்கொள்ளும். கையின் நீளத்தைக் குறைக்கும்போது பொத்தான்களைக் கழற்றி வைத்து, புது மடிப்புக்கு மேலே திரும்பத் தைத்துவிடலாம். முன்பக்கக் காஜாவை ஆண்கள் முறையிலேயே விட்டுவிடுங்கள். அதை மாற்றினால் துணியில் ஓட்டைதான் மிஞ்சும்.