ஐ.சி.யூ.வில் ஏ.ஐ.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் நம் கடற்கரையில் யாருக்காவது உயிர் ஊசலாடினால் ராமநாதபுரத்துக்கு ஓடுவோம், இல்லாவிட்டால் மதுரைக்கு. ஐ.சி.யூ.வில் பல வருஷம் நர்ஸாக நின்றவள் நான். மானிட்டர் எண்களையும் லேப் ரிப்போர்ட்டையும் படித்து, 'இவர் நிலை மோசமாகப் போகிறது' என்று முன்கூட்டியே சொல்லும் ஏ.ஐ. மென்பொருள்கள் வருவதை மனதார வரவேற்கிறேன். இரவு டியூட்டியில் ஒருத்தியே பல கட்டில்களைப் பார்க்கும்போது கூடுதலாக ஒரு கண் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

பெரிய தவறு, எச்சரிக்கை வரவில்லை என்பதால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று நினைப்பது. தொற்று முற்றி உடல் உறுப்புகளையே செயலிழக்க வைக்கும் செப்சிஸைக் கணிக்க அமெரிக்க மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது பிடிக்கவே இல்லை. வேண்டாத இடத்தில் அடித்த மணியோ ஏராளம். அடிக்கடி வீணாக மணி அடித்தால் கை தானாகவே அதை அணைக்கப் பழகிவிடும். அது இன்னொரு ஆபத்து.

அடுத்தது, எங்கோ ஒரு ஊர் நோயாளிகளின் தரவை வைத்துப் பழகிய மென்பொருளுக்கு நம் ஊர் நோய் தெரியும் என்று நம்புவது. ஐ.சி.யூ. ஏ.ஐ. ஆராய்ச்சியில் மிக அதிகம் புழங்கும் தரவுகளில் ஒன்றான 'மிமிக்', பாஸ்டன் நகரத்தின் ஒரே மருத்துவமனையில் சேர்த்தது. அங்கே கடல் பாம்புக் கடி வருமா? இங்கே வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடித்துவிடும். வலியே பெரிதாக இருக்காது. முள் குத்தியது என்றுதான் அவரே நினைப்பார். பி.பி., பல்ஸ், ரத்த ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் எல்லாம் சரியாக இருக்கும், திரையும் பச்சையாக இருக்கும். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் வலி, கழுத்து விறைப்பு, வாயைத் திறக்க முடியாது. சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தால் வரக்காப்பி நிறம். தசை கரைந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது, பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடலாம். நம்மிடம் இருக்கும் பாம்புக்கடி மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்கானது, இதற்குக் கேட்காது. 'கடைசியாகக் கையை எங்கே வைத்தீர்கள் அண்ணே?' என்று கேட்டு, பையின் நிறத்தையும் பார்த்தவருக்குத்தான் இது பிடிபடும்.

விரலில் மாட்டும் கிளிப்பை அப்படியே நம்புவதும் தவறுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. வெயிலில் கறுத்த நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். கடலில் விழுந்து விரல் சில்லிட்டவருக்கும் அளவு தப்பும். தப்பான எண் உள்ளே போனால் ஏ.ஐ. கணக்கும் தப்பும். ஆள் மூச்சுக்குத் திணறுகிறார், திரை 95 காட்டுகிறது என்றால் தயங்காமல் ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தை எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், எட்டு மணிக்குப் பார்த்த பி.பி.யைப் பத்து மணிக்கு மொத்தமாகப் பதியாதீர்கள். வந்த எண்ணை வைத்துத்தான் ஏ.ஐ. கணிக்கும்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. துபாயில் இருக்கும் மகன் மானிட்டரை வீடியோ காலில் பார்த்து, படம் பிடித்து, ஏ.ஐ.யிடம் 'அத்தா பிழைப்பாரா?' என்று கேட்கிறார். அவர் தவிப்பு புரிகிறது. ஆனால் ஒரு நிமிஷத்து எண்ணை வைத்து அதனால் எதுவும் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டைப் பெயரோடு படமெடுத்து அதில் ஏற்றவும் வேண்டாம். அதைவிட, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தார், சுகர் மாத்திரையை எத்தனை நாளாக விட்டார் என்பதை டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம்.