பீட்டில்ஸ் பாடல்களிலும் அவற்றின் கவர்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்களைக் கவர் செய்யும், அதாவது தாங்களே வாசித்துப் பாடும், இளைஞர்கள் நால்வரின் ஒத்திகையைக் கேட்கச் சென்றிருந்தேன். ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாடலின் முதல் ஒலியை மட்டும் அவர்கள் பத்துத் தடவைக்கு மேல் வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் முகம் வாடி நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தடுக்கி விழுந்த அதே இடம் அது. கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது, வரிகளை மனப்பாடம் செய்வது போன்றவற்றை எல்லோரும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒலிப்பதிவையும் பாட்டையும் ஒன்றாகக் கருதுவது

எனக்குப் பணத்தையும் காலத்தையும் அதிகம் செலவு வைத்த தவறு இதுதான். இன்றும் யாராவது இதைச் செய்வதைக் கண்டால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

1964-இல் வெளிவந்த அந்தப் பாடல், கோயில் மணியை ஒரே அடியில் அடித்ததுபோல் ஒற்றை ஒலியுடன் தொடங்குகிறது. அதை எழுப்புவது ஒரே ஒரு கிட்டார் என்றுதான் நான் நெடுநாள் நம்பியிருந்தேன். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் அதில் வாசித்தது பன்னிரண்டு தந்திகள் கொண்ட ரிக்கன்பேக்கர் கிட்டார் என்று படித்ததும், ஏழு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போதாததற்குக் கடனும் வாங்கி, பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கினேன். மேடையில் முதல் அடி அடித்தேன். மேலே மினுமினுப்பு இருந்தது. அடியில் ஒன்றுமே இல்லை.

காரணம் எளிது. அந்த ஒலியில் ஹாரிசனின் கிட்டாரோடு குழுவைச் சேர்ந்த ஜான் லெனனின் கிட்டாரும், பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாரில் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) டி சுரமும், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் ஒரே கணத்தில் விழுகின்றன. எங்கள் பேஸ் கலைஞரோ பாட்டு தொடங்கட்டும் என்று கையைத் தந்தியிலிருந்து எடுத்துக் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கச் சொன்னவன் நான்தான். பிறகு ஒரு நாள் ஒத்திகையில், கைவசம் இருந்த சாதாரண ஆறு தந்திக் கிட்டாரை நான் வாசிக்க, அவர் கூடவே டி சுரத்தை அழுத்தி ஒலித்தார். அந்தச் சின்ன அறையில் பாடலின் வாசல் சட்டென்று திறந்தது. கடனில் இன்னும் ஐந்து தவணைகள் பாக்கி இருந்தன.

அந்த இளைஞர்களும் இணையத்தில் எடுத்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கிட்டாரில் அந்த ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிட்டார் ஒலியை மாற்றும் புதிய எஃபெக்ட் பெடல் வாங்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, பேஸ் வாசிப்பவரை முதல் அடியிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒலிப்பதிவு என்பது ஒரு நாளில், ஓர் அறையில், குறிப்பிட்ட சில கைகள் செய்த வேலை. பாட்டு என்பது மெட்டு, கார்ட்களின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின்) நகர்வு, சொற்கள். கவர் செய்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது பாட்டை. இதைப் புரிந்துகொள்ள ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலை இரண்டு வடிவங்களில் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1967-இல் பீட்டில்ஸின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் பாடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அவருடைய குரல் எட்டக்கூடிய எல்லைக்குள் மெட்டு அமைந்திருக்கிறது. மற்றவர்கள் கேள்வி கேட்க, அவர் நண்பனைப்போல் நிதானமாகப் பதில் சொல்கிறார். 1968-இல் ஜோ காக்கர் அதை எடுத்தபோது நான்கு எண்ணிக்கை நடையைக் கைவிட்டு, மும்மூன்றாகச் சுழலும் மெதுவான நடைக்கு மாற்றினார். ஆர்கன் தொடங்குகிறது, ஜிம்மி பேஜின் கிட்டார் கிழித்துக்கொண்டு நுழைகிறது, பெண் குரல்கள் கேள்வி கேட்கின்றன, அவர் அடிவயிற்றிலிருந்து கதறிப் பதில் சொல்கிறார். நீளம் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது. ஆனால் கேள்வியும் பதிலுமாக அமைந்த எலும்புக்கூட்டில் அவர் கை வைக்கவே இல்லை. அதனால்தான் அசலைப்போல் கொஞ்சமும் ஒலிக்காத அந்தக் கவர் பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோதும் அதே பாட்டாக இருந்தது. எது பாட்டு, எது ஒலிப்பதிவு என்று காக்கருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு விலக்குகளும் உண்டு. ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலில் வெவ்வேறு வேகத்திலும் சுருதியிலும் பதிவான இரண்டு டேக்குகளை (ஒரே பாட்டின் தனித்தனிப் பதிவு முயற்சிகளை), நாடாவின் வேகத்தை மாற்றி, ஏறத்தாழ ஒரு நிமிடம் முடியும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பாடல் கிட்டாரின் வழக்கமான சுருதிகளில் எதிலும் சரியாக உட்காராது. என்னிடம் கற்க வந்த ஒருவர், தம் காதே பழுது என்று எண்ணி இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். இத்தகைய பாடல்களில் நாடாவும் கத்தரியும் இசைக்கருவிகள் ஆகிவிட்டன. அவற்றைக் கவர் செய்யும் முன், லெனன் கிட்டாரோடு தனியாகப் பாடிப் பார்த்த முன்வடிவங்களைக் கேட்பது நல்லது; பாட்டு அங்கேதான் துணியின்றி நிற்கிறது.

அசல் சுருதியில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் செய்வது

‘யெஸ்டர்டே’ எஃப் சுருதியில் ஒலிக்கிறது என்பதற்காக விரல் நோக எஃப் கார்டைப் பிடிக்கிறார்கள். மெக்கார்ட்னி கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்துக்கொண்டு, ஜி சுருதிக்குரிய விரல் நிலைகளில்தான் வாசித்தார். உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தேர்ந்தெடுங்கள். சுருதியைவிட முக்கியமானது வேறொன்று உண்டு: அதன் சரணம் ஏழு பார்களில் (தாளச் சுற்றுகளில்) முடிகிறது. பழக்கதோஷத்தில் எட்டாவது பாரைச் சேர்த்தால் பாடலின் ஏக்கமே போய்விடும்.

ஒரே காதில் இயர்போன் வைத்துக் கேட்பது

கூடாது. பழைய ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல்கள் ஒரு பக்கமும் கருவிகள் மறுபக்கமும் இருக்கின்றன.

டிரம்ஸ் எளிது என்று கடைசியில் சேர்ப்பது

ரிங்கோ இடதுகைக்காரர், வலதுகைக்காரர்களுக்கான அமைப்பில் வாசித்தார். அவருடைய உருட்டல்கள் எதிர்பாராத இடத்தில் தொடங்குவது அதனால்தான். முதல் நாளே அவற்றைப் பழகுங்கள்.

முதலில் வந்தது எது என்று பாராமல் ‘அசல்’ என்பது

அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய ‘லெட் இட் பி’ 1970 ஜனவரியில் ஆல்பத்தில் வந்துவிட்டது. பீட்டில்ஸின் தட்டு மார்ச்சில்தான் வந்தது. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் உள்ள 14 பாடல்களில் 6 பிறருடையவை. கவரை இரண்டாந்தரமாகப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

லெனனின் தொண்டையை நகல் எடுப்பது

அந்த ஆறில் ஒன்று ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. அந்தக் கரகரப்பைப் பெறுவதற்காக வேண்டுமென்றே கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்ட பாடகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரால் பத்து நாள் பேசவே முடியவில்லை. அது பயிற்சியால் வந்த கரகரப்பு அன்று. 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் ஆல்பத்துக்கான பத்துப் பாடல்களைப் பதிவு செய்து, சளி பிடித்த தொண்டையோடு, இரவில் கடைசியாக அதைப் பாடினார் லெனன். ஆல்பத்தில் இருப்பது முதல் டேக். இரண்டாவது முறை முயன்றபோது அவருக்குக் குரலே எழவில்லை.