சைட்டில் பொருந்தாத ப்ரீகாஸ்ட் சுவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசைன், உற்பத்தி, சரக்கு, தரச்சோதனை எல்லாவற்றையும் ஒரே கணினித் தகவலில் கோக்கும் முறை தொழிற்சாலைகளில் 1970-களிலிருந்தே பேசப்படுகிறது. சுவர்ப்பலகைகளைத் தொழிற்சாலையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, சைட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தும் ப்ரீகாஸ்ட் கட்டுமானத்துக்கும் அது கட்டாயம் வரவேண்டும். ஆனால் பலரும் மெஷின் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் தகவல்.

கட்டடத்தின் எல்லாத் தகவலும் அடங்கிய கணினி மாடலை (பி.ஐ.எம்.) வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு, கம்பி வளைப்பவருக்குப் பழையபடி பேப்பர் டிராயிங்கைக் கொடுத்தால் என்ன பயன்? மாடலில் ஜன்னலை நகர்த்தினால் பேப்பரில் நகராது. கம்பியின் நீளம், பலகை வார்க்கும் அச்சின் அளவு, ட்ரெய்லரில் ஏற்றும் வரிசை மூன்றும் அந்த ஒரே மாடலிலிருந்து வரவேண்டும். ஆளுக்கொரு மென்பொருள் என்றால் மாடலைப் பரிமாறிக்கொள்ள ஐ.எஃப்.சி. என்ற பொதுவான கோப்பு வடிவம் இருக்கிறது. ஆனாலும் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு கோப்பை அனுப்பித் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிசைன் முடியாமல் வார்ப்பதும் தவறு. செங்கல் சுவரில் பைப்புக்கு அப்புறம் காடி எடுத்துக்கொள்ளலாம். ப்ரீகாஸ்ட் சுவரில் பிறகு துளை போட்டால் உள்ளே இருக்கும் கம்பியே அறுபடலாம்.

ஆர்டரின் அளவையும் பாருங்கள். சென்னை பெரும்பாக்கத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் 1,152 வீடுகள் கட்டினார்கள். ஒரே மாதிரி வீடுகள் அத்தனை இருந்தால் அச்சுக்குப் போட்ட பணம் திரும்பும். தொழிற்சாலை இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் கட்டெர்ரா என்ற கட்டுமான நிறுவனம் 2015-இல் தொடங்கி, டிசைன், தொழிற்சாலை, கட்டுமானம் எல்லாவற்றையும் தானே செய்ய முயன்று, 2021 ஜூனில் திவால் மனு போட்டது.

இவை பணத்தோடு போகும். பலகைகளின் இணைப்பில் செய்யும் தவறு உயிரை எடுக்கும். லண்டனில் சுவர்ப்பலகைகளை அடுக்கிக் கட்டிய 22 மாடி ரோனன் பாயின்ட்டில், 1968 மே 16 அன்று 18-வது மாடியில் கேஸ் வெடித்தது. ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்து 4 பேர் இறந்தார்கள். 1986-இல் கட்டடத்தைப் பிரித்தபோது, இணைப்புகள் பலவற்றில் காரை சரியாக நிரம்பாதது தெரிந்தது.

தொழிற்சாலை மில்லிமீட்டரில் வேலை செய்யும். அஸ்திவாரம் சென்டிமீட்டர் கணக்கில் விலகியிருக்கும். அஸ்திவாரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பலகையின் துளைக்குள் இறங்காவிட்டால் சைட்டில் அதை வளைப்பார்கள், சில சமயம் அறுத்தே விடுவார்கள். கண்டிப்பாக அனுமதிக்காதீர்கள். அந்தக் கம்பிகளின் இடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியால் அளந்து, அந்த அளவை மாடலில் ஏற்றி, பிறகு பலகையை வார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் கொடுங்கள். கிரவுட் (இணைப்பில் ஊற்றும் காரை) நிரப்பியவர் பெயர், தேதி, புகைப்படம் மூன்றும் அந்த எண்ணில் பதிவாகும்வரை மேல்மாடிப் பலகையைக் கிரேன் தூக்கக் கூடாது.