ஒயில் சீலைக் குறை சொல்வதற்கு முன்

பின்சில்லுகளுக்கு எஞ்சினின் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் பின் டிஃபரன்ஷல். அதன் மூக்கில், அதாவது நீள ஷாஃப்ட் வந்து பூட்டும் இடத்தில், ஒயில் ஒழுகுகிறது என்று ஒரே வருடத்தில் மூன்று தரம் சீல், அதாவது ஒயிலை மறிக்கும் றபர் வளையம், மாற்றினேன். மூன்று தரமும் காசு கொடுத்தேன். மூன்றாவது சீலும் இரண்டு கிழமையில் ஈரமாகிவிட்டது. கராச்சில் சீல் சரியில்லை, சாமான் சரியில்லை என்றார்கள், நானும் நம்பினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி அக்சிலின், அதாவது சில்லுகளைத் தாங்கும் அச்சின், முதுகில் இருக்கும் பெருவிரல் நுனியளவு பிரீதர், உள்ளே இருக்கும் காற்று போய்வரும் வழி. உரும்பிராய்ச் செம்மண் அதற்குள் புகுந்து கல்லாக இறுகிக் கிடந்தது. ஓட ஓட டிஃபரன்ஷல் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், போக வழியில்லை என்றால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியே வரும். எத்தனை புது சீல் போட்டாலும் அதே கதைதான். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டேன், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது, திறந்தபின்னும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே 90களில் வந்த ஹைலக்ஸ் பிக்கப்பும் கன்ரர் லொறியும் இன்னும் வெங்காய மூட்டையோடு சுன்னாகம் சந்தைக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் எஞ்சின் ஒயிலை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். கியர்பொக்ஸையும் டிஃபரன்ஷலையும் ஒழுகத் தொடங்கிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சரி, டிஃபரன்ஷல் ஒயிலை நீங்களே மாற்றப்போகிறீர்கள் என்று வைப்போம். முதலில் ஒயிலை வடிக்கிற கீழ்த் தக்கையைத் தொடாதீர்கள். ஒயில் ஊற்றுகிற மேல் தக்கை கழருகிறதா என்று பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஞாயிறு காலை கீழ்த் தக்கையைத் திறந்து ஒயிலை முழுவதும் வடித்துவிட்டார், பிறகு பார்த்தால் மேல் தக்கை அசையவில்லை. பண்ணைத் தாம்போதியால் தினம் தீவுப்பக்கம் போய்வருகிற வாகனம், உப்புக்காற்றில் துரு ஏறி, தலையும் பாதி வட்டமாகிவிட்டது. டிஃபரன்ஷல் வெறுமையாக, வாகனம் முற்றத்தில், கராச் பூட்டு. முதல்நாள் இரவே துருநீக்கி அடித்து விட்டிருந்தால், பன்னிரண்டு மூலை சொக்கெட்டுக்குப் பதிலாக ஆறு மூலை சொக்கெட்டைப் போட்டிருந்தால், பெரும்பாலும் அந்தத் தலை தப்பியிருக்கும்.

அடுத்தது ஜக். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அளவு பார்த்தால் அது பொய் அளவு. வாகனம் மட்டமாக நிற்கவேண்டும், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் வந்து மெல்ல வழியவேண்டும், அவ்வளவுதான். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று முன்பக்கத்தைச் சரித்து வைத்து ஊற்றினால் கூடுதலானது பிறகு சீலால்தான் வெளியே வரும், நீங்களும் ஒழுக்கு என்று கராச்சுக்கு ஓடுவீர்கள். இன்னொன்று, அக்சிலுக்குக் கீழே சீமெந்துக்கல்லை முண்டு கொடுத்துவிட்டுப் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். நல்ல இரும்பு ஸ்ராண்ட் இரண்டு இரவலாகவாவது வாங்குங்கள், சில்லுக்கும் கட்டை போடுங்கள்.

எந்த ஒயில் என்பதில்தான் ஊரில் அதிகம் பிழை நடக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள் நாங்கள், 'கிடைத்ததை ஊற்று, ஓடும்' என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. டிஃபரன்ஷலுக்குள் இருக்கிற ஹைப்போயிட் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கியும் தேய்கின்றன, அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல்-5 என்று தரக்குறி போட்ட கியர் ஒயில் வேண்டும். அதே ஒயிலைக் கியர்பொக்ஸுக்கும் ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். பல பழைய கியர்பொக்ஸுகளில் சிங்க்ரோ வளையங்கள், அதாவது கியர் மாறும்போது உரசி வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள், பித்தளை. ஜிஎல்-5இல் கூடுதலாக இருக்கும் கந்தக, பொஸ்பரஸ் சேர்க்கைகள் சில அந்தப் பித்தளையை அரிக்கும், வழுக்கலும் கூடுதலாகி வளையம் பிடிக்காமல் கியர் கரகரக்கும். அதனால் ஜிஎல்-4 கேட்கும் கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4தான். இரண்டும் சரி என்று கையேடே சொன்னால் பிரச்சினை இல்லை. அப்புறம் இலக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கியர் ஒயிலின் 75டபிள்யூ-90 எஞ்சின் ஒயிலின் 40ஐ விட இரட்டிப்புத் தடிப்பு இல்லை. அளவுகோல் வேறு, தடிப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

வடித்த ஒயிலை உடனே வீசிவிடுவது இன்னொரு பிழை. சற்று ஓடிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள், சுத்தமான வாளியில் பிடியுங்கள், எத்தனை லீற்றர் வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். தக்கையின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வயதுத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். விரலில் உறுத்துகிற துண்டு அகப்பட்டால் பூட்டாதீர்கள், உள்ளே ஏதோ உடைகிறது. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது போல வெள்ளம் நிற்கும் நாளில் சூடான அக்சிலைத் தண்ணீருக்குள் இறக்கினால், சட்டென்று குளிர்ந்து சுருங்கிய காற்று சீலாலும் பிரீதராலும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மாரியில் அச்சு மூழ்க ஓடியிருந்தால் கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் திறந்து பாருங்கள்.

அளந்து பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபோர் வீல் வாகனங்களில் கியர்பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் (முன், பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரிக்கும் பெட்டிக்கும்) இடையில் இருக்கும் சீல் போனால் வெளியே ஒரு துளியும் தெரியாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒயில் மாறிவிடும். ஒரு பக்கம் குறைவாகவும் மறுபக்கம் நிரம்பி வழியவும் கண்டால் அதுதான்.

இனி வெளியே தெரியும் ஒழுக்கு. ஈரம் கண்ட இடம்தான் ஒழுகும் இடம் என்று முடிவு கட்டாதீர்கள், ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்கு அடித்துக்கொண்டு போகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி, வல்லை வெளிப்பக்கம் ஒரு ஓட்டம் போய்வந்து பாருங்கள், ஆக மேலேயும் ஆக முன்னாலேயும் நனைந்த இடம்தான் ஊற்றுக்கண். விரலில் தொட்டு மணந்தும் பாருங்கள். கியர் ஒயிலுக்குக் கந்தக நாற்றம், ஒருதரம் மணந்தால் மறக்காது. முன் அக்சில் முழுதாக இருக்கும் பழைய ஹைலக்ஸில் முன்சில்லு திரும்பும் மூட்டின் உருண்டை வீட்டிலிருந்து கறுப்புக் கூழ் வழிந்தால், அது வெறும் கிறீஸ் அல்ல. உள் சீல் போய் டிஃபரன்ஷல் ஒயில் கிறீஸைக் கரைத்துக்கொண்டு வருகிறது, வெளியே துடைத்துப் பயனில்லை. பின்சில்லுப் பக்கம் ஒழுகினால் தள்ளிப்போடவே வேண்டாம், அந்த ஒயில் நேரே பிரேக் ஷூவுக்குப் போகும். மற்றபடி வியர்த்ததுபோல் ஈரமாக இருந்து துளி விழாவிட்டால் நான் விட்டுவிடுவேன், அளவை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

சீல்தான் என்று உறுதியானால் ஷாஃப்டை நகத்தால் தடவுங்கள். பழைய சீல் உதடு உரசிய பள்ளத்தில் நகம் சிக்கினால் புதுச் சீலும் அங்கே நிற்காது. சற்று உள்ளே தள்ளியோ முன்னே விட்டோ புது இடத்தில் உட்கார வைக்கலாம், அல்லது மெல்லிய உறை போடலாம். சின்ன ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஒயிலைப் பார்த்திருக்கவேண்டும், உதட்டில் கிறீஸ் தடவவேண்டும். டிஃபரன்ஷல் மூக்கு நட்டைக் கழற்றுவதற்கு முன் நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து அடையாளம் குத்துங்கள், பல வாகனங்களில் உள்ளே நசுங்கும் வளையம் ஒன்று உண்டு, நீளப் பைப் போட்டு பலம் காட்டி இறுக்கினால் பெயரிங் இறுகி, கொஞ்ச நாளில் ஊளையிடத் தொடங்கும். சீலாலே வருவதைச் சிலிக்கோன் பூசி நிறுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு என்ன சொல்வது, பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஒயில் போகும் வழியை அடைக்கும். ஒழுக்கு நிறுத்தும் மருந்துகள் றபரை ஊதவைக்கின்றன, கிழிந்த சீலுக்கு அவை ஒன்றும் செய்யாது.

கழிவு ஒயிலைக் கறையானுக்கு மரத்தில் பூசுவது வேறு, மிச்சத்தை வளவு மூலையில் ஊற்றுவது வேறு. நாங்கள் இருப்பது சுண்ணக்கல்லின் மேல், ஊற்றியது வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் ஒயில் கலந்திருக்கிறது என்று 2014, 2015இல் ஊரே பட்ட பாடு தெரியும்தானே. பழைய கானில் நிரப்பி, பீப்பாய் வைத்துச் சேர்க்கிற ஏதாவது ஒரு கராச்சில் கொடுத்துவிடுங்கள். நான் கொண்டுபோகும் இடத்தில் கானையும் கழுவித் திருப்பித் தருகிறார்கள்.